நாயைக் கூட்டிக்கிட்டு பள்ளிக்கு வரலாமா?



ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கும் ஐந்து வயதுக் குழந்தை. வகுப்பில் அவள் கையிலிருந்து பென்சில் நழுவி விழுந்துவிட்டது. குனிந்து எடுக்க அவளால் முடியாது. யார் எடுத்துக் கொடுப்பது?

"இதுல என்ன இருக்கு, பக்கத்துல இருக்கிற பிள்ளை எடுத்துக் கொடுக்கும், இல்லன்னா டீச்சர் எடுத்துக் கொடுப்பாங்க" என்பீர்கள். ஒரு தடவை விழுந்தால் சரி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழுந்தால்? கதவைத் திறக்க ஒருவர், லைட் சுவிட்சைப் போட ஒருவர், மேல்சட்டையைக் கழற்ற ஒருவர், கழிப்பறையில் உட்காரவும் எழுந்திருக்கவும் ஒருவர் என்று ஒவ்வொன்றுக்கும் அவள் வாய் திறந்து கேட்கணும், கேட்டுவிட்டுக் காத்திருக்கணும். இதையெல்லாம் அவளுக்கென்றே பழக்கிய ஒரு நாய் செய்து கொடுத்தால், அந்த நாயைப் பள்ளிக்குள் விடலாமா?

இது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி. 2009-ல் தொடங்கி 2017-ல்தான் அங்கிருந்து ஒரு பதில் வந்தது. நாய் சம்பந்தப்பட்ட வழக்குதானே என்று தள்ளிவிடாதீங்க. மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு என்ன உதவி தேவை என்பதை யார் முடிவு செய்வது என்ற விஷயம் அதற்குள் இருக்கிறது. அது நம் ஊர்ப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தினமும் வருகிற விஷயம். அதனால் அந்த வழக்கையே இந்தப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

மிச்சிகனில் நடந்தது

மிச்சிகன் மாநிலத்தில் நெப்போலியன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி. அறிவில் ஒரு குறையும் இல்லை, கை கால் அசைவில்தான் சிரமம். அவளுக்கு உதவி நாய் ஒன்று இருந்தால் நல்லது என்று குழந்தை மருத்துவர் பரிந்துரைத்தார். கோல்டன்டூடுல் என்ற வகை நாய் ஒன்று பழக்கப்பட்டு அவளிடம் வந்தது. பெயர் வொண்டர்.

கீழே விழுந்ததை எடுத்துக் கொடுப்பது, அவள் வாக்கரோடு நடக்கும்போது சாயாமல் பக்கபலமாக நிற்பது, கதவைத் திறந்து மூடுவது, விளக்கைப் போட்டு அணைப்பது, கோட்டைக் கழற்ற உதவுவது, கழிப்பறை இருக்கைக்கு மாறி உட்கார உதவுவது. இவையெல்லாம் வொண்டரின் வேலை. செல்லப்பிராணி செய்யும் வேடிக்கை என்று இதை நினைக்கக் கூடாது. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்துப் பழக்கிய வேலை.

2009-ல், சிறுமிக்கு ஐந்து வயதானபோது, மழலையர் வகுப்புக்கு வொண்டரும் கூட வரட்டும் என்று பெற்றோர் அரசுப் பள்ளியில் அனுமதி கேட்டார்கள். பள்ளி மறுத்துவிட்டது.

இங்கே பள்ளியின் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்கணும். அவர்கள் அந்தக் குழந்தையைக் கைவிட்டுவிடவில்லை. அவளுக்கென்றே முழுநேரமும் கூட இருக்க ஓர் உதவியாளரைத் தர ஒப்புக்கொண்டு, அதை அவளுடைய தனிக் கல்வித் திட்டத்தில் எழுத்திலும் போட்டிருந்தார்கள். நம் ஊரில் எத்தனை பள்ளியில் இப்படி ஓர் ஆள் கிடைப்பார்? "அவளுக்குத் தேவையானது எல்லாம் ஏற்கெனவே கிடைக்குது, அப்புறம் நாய் எதுக்கு?" என்பதுதான் அவர்கள் வாதம். கேட்டால் நமக்கும் சரி என்றுதான் தோன்றும். முதலில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் கழிப்பறை விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாக யோசிச்சுப் பாருங்க. ஒரு பெரியவர் கூடவே வந்து, தூக்கி உட்கார வைத்து, பக்கத்தில் நின்று, மறுபடி தூக்கி விடுவது ஒரு வகை உதவி. நாய் அசையாமல் நிற்க, அதன் மேல் கையை ஊன்றிக் குழந்தை தானே மாறி உட்காருவது வேறு வகை உதவி. வேலை என்னவோ இரண்டிலும் ஒன்றாகவே முடிகிறது. முதல் வகையில் அந்த வேலை அவளுக்குச் செய்யப்படுகிறது. இரண்டாவது வகையில் அதை அவளே செய்கிறாள். ஐந்து வயதில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பத்து வயதில், பதினைந்து வயதில் தெரியும். அந்தப் பழக்கத்தை ஐந்து வயதில் ஆரம்பிக்கணும் என்பதுதான் பெற்றோரின் கவலை.

2010-ல் பள்ளி கொஞ்சம் இறங்கி வந்தது. சோதனை முறையில் வொண்டர் வரலாம் என்றார்கள். வந்தது. ஆனால் வகுப்பு நேரத்தில் அறையின் பின்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கென்று பழக்கிய பல வேலைகளைச் செய்யக் கூடாது என்று நிபந்தனை. கண்ணாடியைப் பையில் வைத்துக்கொள், கண்ணில் போடாதே என்று சொல்வது போல. சோதனைக் காலம் முடிந்ததும் மறுபடி மறுப்பு வந்தது. பெற்றோர் மகளைப் பள்ளியிலிருந்து எடுத்து வீட்டில் வைத்தே படிப்பித்தார்கள்.

அடுத்து அவர்கள் போனது நீதிமன்றத்துக்கு இல்லை. அமெரிக்கக் கல்வித் துறையில் குடிமை உரிமைகளுக்கென்று ஓர் அலுவலகம் உண்டு. அங்கே எழுத்தில் புகார் கொடுத்தார்கள். 2012-ல் அந்த அலுவலகம், பள்ளி செய்தது பாகுபாடு என்று முடிவு சொன்னது. அதற்கு அவர்கள் காட்டிய ஒப்புமை எளிமையானது: சக்கர நாற்காலியில் வரும் மாணவரிடம் "நாற்காலி வேண்டாம், ஆள் வைத்துத் தூக்கிக்கிட்டுப் போறோம்" என்று சொன்னால் எப்படியோ, பார்வையற்ற மாணவரிடம் "கைத்தடியும் வழிகாட்டி நாயும் வேண்டாம், டீச்சர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க" என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். உதவியாளர் இருக்கிறார் என்பது உண்மையாகவே இருக்கட்டும், அதைக் காரணம் காட்டி நாயைத் தடுக்க முடியாது என்றார்கள்.

பள்ளி ஒப்புக்கொண்டது. ஆனால் இவ்வளவு சண்டைக்குப் பிறகு அங்கே மகளை மனசார நடத்துவார்களா என்று பெற்றோருக்குப் பயம். இதை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை, பிள்ளையைப் பெற்றவர்களுக்குத் தெரியும். வேறொரு வட்டாரத்தில் இன்னோர் அரசுப் பள்ளியைத் தேடிச் சேர்த்தார்கள். அங்கே ஆசிரியர்களும் நிர்வாகமும் குழந்தையையும் வொண்டரையும் சந்தோஷமாகவே வரவேற்றார்கள். அதே மாநிலம், அதே சட்டம். பள்ளிதான் வேறு.

மூன்று சட்டமும் ஒரு பூட்டும்

2012 டிசம்பரில் பெற்றோர் முதல் பள்ளி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். மகள் அனுபவித்த மனவேதனைக்கு இழப்பீடு கேட்டார்கள். இதுதான் 'ஃப்ரை எதிர் நெப்போலியன் சமுதாயப் பள்ளிகள்' வழக்கு. இதைப் புரிந்துகொள்ள அங்குள்ள மூன்று சட்டங்களைத் தெரிஞ்சுக்கணும். பயப்படாதீங்க, சுருக்கமாகவே சொல்றேன்.

முதலாவது 1973-ம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டம், 504-வது பிரிவு. மத்திய அரசின் நிதி வாங்கும் எந்த அமைப்பும் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இரண்டாவது 1990-ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், சுருக்கமாக ஏ.டி.ஏ. மாநில அரசு, உள்ளாட்சி நடத்தும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தும். அரசுப் பள்ளி, நூலகம், அலுவலகம் எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது ஐ.டி.இ.ஏ. என்ற கல்விச் சட்டம். இதன் வேர் 1975-ல் இருக்கிறது. மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்குப் பொருத்தமான இலவசக் கல்வி, அதற்கென்று எழுதப்பட்ட தனித் திட்டம். மேலே சொன்ன உதவியாளர் இந்தத் திட்டத்தில்தான் வந்தார்.

பூட்டு எங்கே என்றால், இந்த மூன்றாவது சட்டத்தில். அதன் கீழ் கிடைக்கக்கூடிய நிவாரணத்தைக் கேட்டு வேறு சட்டத்தில் வழக்குப் போட்டாலும், முதலில் கல்வித் துறையின் விசாரணைப் படிகளை ஏறி முடித்துவிட்டு வா என்று ஒரு விதி. பெற்றோரோ ஏ.டி.ஏ.-வையும் 504-ஐயும் வைத்து நேராக நீதிமன்றம் போனார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2015-ல் அதையே சொன்னது. பள்ளி, மாணவி, தனித் திட்டம் என்று வந்துவிட்டதால் இது கல்வி வழக்குதான், முறைப்படி வரவில்லை என்பது அவர்கள் பார்வை. நாயை விட்டது சரியா தப்பா என்று யாரும் பேசவே இல்லை. வழக்கு வாசல்படியிலேயே நின்றுவிட்டது.

2017 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அப்போது அங்கே ஓர் இடம் காலி, இருந்தது எட்டு நீதிபதிகள். எட்டுப் பேரும் இந்த முடிவில் ஒன்றாக இருந்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எலீனா கேகன். ஒரு வழக்கு உண்மையிலேயே கல்வியைப் பற்றியதா, அல்லது சம உரிமையைப் பற்றியதா என்று கண்டுபிடிக்க அவர் இரண்டு கேள்விகள் சொன்னார். இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளணும் என்றால் இந்த இரண்டு கேள்விகளைத்தான் சொல்வேன்.

ஒன்று: இதே சம்பவம் பள்ளியில் நடக்காமல் ஒரு பொது நூலகத்திலோ அரங்கத்திலோ நடந்திருந்தால், இதே புகாரைக் கொடுத்திருக்க முடியுமா? இரண்டு: மாணவருக்குப் பதில் ஒரு பெரியவர், அங்கே வேலை செய்பவரோ வந்துபோகிறவரோ, பள்ளியிடம் இதே புகாரைச் சொல்லியிருக்க முடியுமா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் அது கல்வித் தரம் பற்றிய வழக்காக இருக்காது, உள்ளே வரும் உரிமை பற்றியதாகத்தான் இருக்கும்.

தீர்ப்பிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. நீங்களே போட்டுப் பாருங்க. பள்ளிக் கட்டடத்தில் சாய்தளம் இல்லை, சக்கர நாற்காலி மாணவரால் ஏற முடியவில்லை. நூலகத்தில் சாய்தளம் இல்லாவிட்டாலும் புகார் கொடுக்கலாம்தானே? பள்ளிக்கு வரும் தாத்தாவும் கொடுக்கலாம்தானே? ஆக, இது சம உரிமை. அடுத்தது, கற்றல் குறைபாடுள்ள மாணவருக்குக் கணக்கில் தனிப்பயிற்சி தரவில்லை என்ற புகார். நூலகத்தின் மேல் இதைச் சொல்ல முடியுமா? தாத்தா போய் "எனக்குக் கணக்குச் சொல்லித் தரலை" என்று கேட்க முடியுமா? முடியாது. இது கல்வி.

இப்போது வொண்டரை வைத்துப் பாருங்க. நூலக வாசலில் அந்தச் சிறுமியையும் நாயையும் நிறுத்தினால் அவள் புகார் கொடுக்கலாம். பார்வையற்ற ஒரு பெரியவரை அவருடைய வழிகாட்டி நாயோடு பள்ளி வாசலில் நிறுத்தினால் அவரும் கொடுக்கலாம்.

ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிஞ்சுக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் "பள்ளி செய்தது குற்றம், இழப்பீடு கொடு" என்று தீர்ப்புச் சொல்லவில்லை. பெற்றோர் முன்பு கல்விச் சட்டத்தின் வழியில் முறையிட ஆரம்பித்திருந்தார்களா என்பதையும் பார்த்து மறுபடி முடிவு செய்யுங்கள் என்று கீழே அனுப்பியது. பூட்டைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாவி அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் பயன்பட்டது. 2023-ல் காது கேளாத ஒரு மாணவரின் வழக்கில், ஏ.டி.ஏ. கீழ் பண இழப்பீடு கேட்பவர் அந்தக் கல்வித் துறைப் படிகளை முதலில் முடித்திருக்க வேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

பள்ளி என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது?

சரி, அங்கே எந்த நாயை வேண்டுமானாலும் கூட்டிக்கிட்டு வரலாமா? கூடாது. 2011 மார்ச் 15 முதல் நடப்பில் உள்ள ஏ.டி.ஏ. விதிகள் இதில் ரொம்பத் தெளிவு.

உதவி விலங்கு என்றால் நாய் மட்டும்தான். அதுவும் மாற்றுத்திறன் கொண்ட ஒருவருக்காக, அவருடைய குறைபாட்டோடு சம்பந்தப்பட்ட வேலையைச் செய்யத் தனியாகப் பழக்கிய நாய். முன்பிருந்த விதியில் 'பிற விலங்கு' என்ற சொல் இருந்ததால் குரங்கு வரைக்கும் பேச்சு போனது. புதிய விதி அதை மூடிவிட்டது. ஒரே விதிவிலக்கு, சின்னக் குதிரை. ஆமாங்க, குதிரைதான். தோள் உயரம் 24 முதல் 34 அங்குலம் வரை இருக்கும் குட்டை வகை. இடம் தாங்குமா, பாதுகாப்பு கெடுமா என்று பார்த்து அனுமதிக்கலாம். நாய் ஒத்துவராதவர்களுக்கு இது வழி.

கூட இருந்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. அப்படிப்பட்ட நாய் உதவி நாய் ஆகாது. ஆனால் வலிப்பு வந்தால் சத்தம் கொடுத்து ஆளைக் கூப்பிடுவது, பதற்றம் கூடும்போது அதை முன்பே உணர்ந்து தடுப்பது என்று பழக்கியிருந்தால், அது வேலை. மனநலம் சம்பந்தப்பட்ட குறைபாட்டுக்கும் இது பொருந்தும்.

நாயோடு ஒருவர் வரும்போது, பார்த்தவுடன் காரணம் புரியாவிட்டால், ஊழியர் இரண்டே கேள்வி கேட்கலாம். "உங்க குறைபாட்டுக்காகத்தான் இந்த நாய் தேவைப்படுதா?" "என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கீங்க?" இதோடு நிறுத்திக்கணும். உங்களுக்கு என்ன நோய் என்று கேட்கக் கூடாது. சான்றிதழ் காட்டு என்று கேட்கக் கூடாது. இப்போதே செய்து காட்டச் சொல்லு என்றும் கேட்கக் கூடாது. நாயைத் தனியார் நிறுவனத்தில்தான் பழக்கியிருக்க வேண்டும் என்றும் இல்லை, வீட்டிலேயே பழக்கியிருக்கலாம். அதேசமயம் வெறிநாய்த் தடுப்பூசி போன்ற உள்ளூர் விதிகள் எல்லா நாய்க்கும் உள்ளது போல இதற்கும் உண்டு.

"பக்கத்துப் பிள்ளைக்கு நாய்முடி ஒத்துக்காதே, இன்னொரு பிள்ளை நாயைப் பார்த்தாலே அழுமே?" நியாயமான கேள்வி. எனக்கே நாய் என்றால் இரண்டடி தள்ளி நிற்கிற பழக்கம். விதி சொல்வது: ஒவ்வாமையும் பயமும் நாயை வெளியே அனுப்பக் காரணம் ஆகாது. இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளணும். ஒருவரை அறையின் ஒரு மூலையில், மற்றவரை எதிர் மூலையில் உட்கார வைக்கலாம், அல்லது வேறு வேறு பிரிவில் போடலாம். ஒரு குழந்தையின் தேவைக்காக இன்னொரு குழந்தையின் தேவையை அழிக்காமல் வழி தேடு என்பதே அதன் சாரம்.

மறுக்க முடிவதும் உண்டு. நாய் கட்டுக்குள் இல்லை, உடையவரும் அடக்கவில்லை என்றால் வெளியே அனுப்பலாம். கழிவுக்குப் பழக்காத நாய் என்றாலும் அனுப்பலாம். திரும்பத் திரும்பக் குரைத்தால் தொந்தரவு. ஆனால் யாரோ சீண்டி ஒரு தடவை குரைத்தால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நாயை வெளியே அனுப்பினாலும், பிள்ளை நாய் இல்லாமல் படிப்பைத் தொடர வாய்ப்புக் கொடுக்கணும்.

கயிற்றை யார் பிடிப்பது?

பள்ளிகளில் உண்மையான இழுபறி இங்கேதான். நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பள்ளிக்குக் கிடையாது. சோறு வைப்பது, குளிப்பாட்டுவது, வெளியே கூட்டிப்போவது எல்லாம் உடையவர் வேலை என்று விதி சொல்கிறது. பெரியவர் என்றால் பிரச்சினை இல்லை. ஆறு வயதுப் பிள்ளை, அதுவும் பேச முடியாத பிள்ளை என்றால்?

புளோரிடா மாநிலத்தில் ப்ரோவர்ட் மாவட்டப் பள்ளி நிர்வாகத்தின் மேல் இப்படி ஒரு வழக்கு வந்தது. ஆறு வயதுச் சிறுவன். சக்கர நாற்காலி, வலிப்பு, பேச்சும் இல்லை. வலிப்பு வந்தால் ஆட்களை எச்சரிக்கப் பழக்கிய நாய், ஒரு வாரால் அவன் நாற்காலியோடு இணைக்கப்பட்டிருக்கும். நிர்வாகம் இரண்டு நிபந்தனை போட்டது: நாய்க்காகப் பொறுப்புக் காப்பீடு எடுக்கணும், நாயைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை அம்மாவே செலவு செய்து அனுப்பணும். 2015 பிப்ரவரியில் நீதிமன்றம் இரண்டும் செல்லாது என்றது. நாய் அவன் நாற்காலியோடு இணைந்திருப்பதால் அது அவன் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. தேவைப்படுவது, நாய் சிறுநீர் கழிக்க வெளியே போகும்போது சிறுவனோடு யாராவது கூடப் போவது மட்டும். சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலின் பம்ப் விஷயத்தில் பள்ளி ஊழியர் உதவுவதில்லையா, சக்கர நாற்காலியை இயக்க உதவுவதில்லையா, இதுவும் அந்த மாதிரி உதவிதான் என்று நீதிமன்றம் விளக்கியது.

இதைக் கவனிங்க. நாயைப் பராமரிப்பது வேறு, பிள்ளை தன் நாயை நடத்திக்கொள்ள உதவுவது வேறு. முதலாவது பள்ளியின் வேலை இல்லை. இரண்டாவதில் பள்ளிக்குக் கொஞ்சம் பங்கு வரலாம் என்று அமெரிக்க நீதித் துறையின் விளக்கக் குறிப்பும் சொல்கிறது.

மற்ற மாணவர்களுக்கும் பாடம் உண்டு. வேலையில் இருக்கிற நாயைத் தடவக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, மதியச் சாப்பாட்டில் ஒரு வாய் போடக் கூடாது. அதன் கவனம் கலைந்தால் பாதிப்பு பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு. முதல் வாரம் வகுப்பே நாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் அதுவும் ஒரு மேசை நாற்காலி மாதிரி ஆகிவிடும்.

நம்ம ஊரில்

"இதெல்லாம் அமெரிக்காவுல நடக்கும், நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். பழக்கிய உதவி நாயை நேரில் பார்த்தவர்கள் நம்மில் குறைவுதான். நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-லும் உதவி நாய் என்ற சொல்லே கிடையாது. அனுமதி என்றும் இல்லை, தடை என்றும் இல்லை.

ஆனால் அதே சட்டத்தில் 'நியாயமான ஏற்பாடு' என்று ஒரு கருத்து இருக்கிறது. மற்றவர்களோடு சமமாக உரிமையை அனுபவிக்க ஒருவருக்குத் தேவையான, பொருத்தமான மாற்றத்தைச் செய்து கொடுக்கணும். அது அமைப்புக்கு அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது. இவ்வளவுதான் அதன் பொருள். 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடில்லாமல் சேர்க்கணும், கட்டடத்தை அணுகும்படி செய்யணும், அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ப நியாயமான ஏற்பாடு செய்யணும் என்கிறது. 'அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ப' என்பதை அடிக்கோடு போட்டுப் படிங்க.

நம் உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியிருக்கிறது. எழுதும்போது கைத்தசை இழுத்துப் பிடிக்கும் குறைபாடுள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் தனக்குப் பதில் எழுத ஆள் கேட்டார். 40 சதவீதக் குறைபாடு என்ற வரையறைக்குள் வரவில்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் வந்த 'விகாஷ் குமார் எதிர் யூ.பி.எஸ்.சி.' தீர்ப்பு, நியாயமான ஏற்பாடு அந்தச் சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடியாது, ஒவ்வொருவர் தேவையையும் தனித்தனியாகப் பார்க்கணும் என்றது. மிச்சிகன் பள்ளியிலும் இங்கேயும் ஒரே தடுமாற்றம்தான். எங்க பட்டியல்ல இருக்கிறதைக் கொடுத்துட்டோம், இல்லாததைக் கேட்காதே என்ற தடுமாற்றம்.

உங்கள் பிள்ளைக்குத் தேவை நாயாக இருக்கணும் என்றில்லை. உயரம் குறைந்த தனி மேசையாக இருக்கலாம், இடைவேளையில் அம்மா வந்து போக அனுமதியாக இருக்கலாம், தரைத்தளத்தில் வகுப்பாக இருக்கலாம். எதுவானாலும் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்க. வாய்வார்த்தையாகக் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பதோடு போய்விடும். கடிதத்தில் நோயின் பெயரைவிட முக்கியம், பள்ளி நேரத்தில் எந்த வேலை பிள்ளைக்கு முடியவில்லை, நீங்கள் கேட்கிற ஏற்பாடு இருந்தால் அதை எப்படித் தானே செய்யும் என்பது. மருத்துவர் பரிந்துரை, யு.டி.ஐ.டி. அட்டை இருந்தால் நகல் வைங்க. நாய்தான் என்றால் தடுப்பூசிச் சான்று, உள்ளாட்சி உரிமம், அது என்ன வேலை செய்யும், கயிற்றை யார் பிடிப்பார், கழிவுக்கு எங்கே போகும், ஒவ்வாமையுள்ள பிள்ளை இருந்தால் என்ன செய்யலாம் என்று நீங்களே முன்கூட்டி எழுதிவிடுங்க. பள்ளி கேட்கப்போகும் கேள்விகள் இவைதான். ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றும் கேட்கலாம். ஆனால் நாயைப் பின்பெஞ்சில் உட்கார வைத்துப் பார்க்கிற சோதனையாக அது இருக்கக் கூடாது.

ஆசிரியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படி ஒரு கடிதம் வந்தால், முடியாது என்று எழுதும் முன் கேகன் சொன்ன இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்க: இதே தேவையோடு ஒரு பெரிய அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தால் அவரிடம் இந்தப் பதிலைச் சொல்வீர்களா?

பதில் வரவில்லை என்றால், அல்லது காரணம் சொல்லாமல் மறுத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். உரிமை மறுக்கப்பட்டது என்று மனு வந்தால் விசாரிக்க சட்டத்தின் 80-வது பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியது, பள்ளியில் கொடுத்த கடிதத்தின் நகல். அதில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கி வைத்திருக்கீங்களா என்று இப்பவே ஒரு தடவை பார்த்துக்கோங்க.